உயர் அமுக்கக் காற்றுத் துப்பாக்கி: நம்பகமும் பழுது பார்க்கும் எளிமையும்

ஒரு சாதனம் நன்றாக வேலை செய்கிறது என்பது வேறு. வேண்டிய வேளையில் அது தவறாமல் வேலை செய்யும் என்று நம்பியிருக்கலாம் என்பது வேறு. முதலாவது, பரிசோதனைச் சாலையிலேயே விளங்கிவிடும். இரண்டாவதோ, அச்சாதனம் மழையிலும் புழுதியிலும் பலர் கையில் புழங்கிய பின்னரே விளங்கும். உயர் அமுக்கக் காற்றினால் இயங்கும் துப்பாக்கியின் வரலாறு இந்த வேறுபாட்டுக்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். ஒரே வகைத் துப்பாக்கி ஒரு சேனையில் தொல்லை மிகுந்ததென்று ஒதுக்கப்பட்டது. அதே காலத்தில், ஒரு சிறு ஆராய்ச்சிக் குழுவினருக்கு ஈராண்டுகளுக்கு மேல் அரிய துணையாக விளங்கியது. இதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் கூறப்படுபவற்றுள் பெரும்பகுதி, அமுக்கக் காற்றைக் கையாளும் எல்லாச் சாதனங்களுக்கும் பொருந்தும்.

காற்று குண்டைத் தள்ளும் முறை

மிதிவண்டிப் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அமுக்கினால், உள்ளிருக்கும் காற்று எதிர்த்துத் தள்ளுவதை உணரலாம். கைப்பிடியை விட்டவுடன் அது தானே பின்னோக்கி வரும். வெப்பநிலை மாறாதிருக்கும்போது, குறிப்பிட்ட அளவு காற்றின் பருமனைப் பாதியாகக் குறைத்தால் அதன் அமுக்கம் இரு மடங்காகும். இந்த விதியை ராபர்ட் பாயில் 1662-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அமுக்கப்பட்ட காற்று, சுருட்டி வைத்த வில்லைப் போலச் சக்தியைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கிறது.

காற்றுத் துப்பாக்கிகளில் இரு பெரும் வகைகள் உண்டு. ஒரு வகையில், இரும்புச் சுருள்வில் ஒன்றை ஒவ்வொரு முறையும் கையால் மடக்கி இழுத்துப் பூட்டுகிறோம். விசையை இழுத்ததும் சுருள்வில் ஒரு பிஸ்டனை முன்னே தள்ளும். அப்போதுதான் காற்று அமுக்கப்படுகிறது. மற்றொரு வகையில், காற்று முன்கூட்டியே ஓர் உலோகக் கலத்தில் மிகுந்த அமுக்கத்துடன் நிரப்பி வைக்கப்படுகிறது. விசையை இழுத்தால் சிறு சுத்தியல் ஒன்று வால்வின் தண்டைத் தட்டும். வால்வு ஒரு கணம் திறந்து மூடும். அந்தக் கணத்தில் வெளிப்படும் காற்று குண்டைக் குழலின் வழியே செலுத்தும். இந்த இரண்டாவது வகையையே இங்கு ஆராய்கிறோம்.

இதில் வால்வின் வேலை கடினமானது. 55 வாயுமண்டல அமுக்கமுள்ள கலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வால்வின்மீது ஏறத்தாழ 57 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தாக்கிக்கொண்டிருக்கும். 200 வாயுமண்டலமாயின், அது 200 கிலோகிராமையும் தாண்டும். அந்த விசையைத் தாங்கி நாள் முழுவதும் கசியாமல் இருக்க வேண்டும். ஆயினும் சிறு சுத்தியலின் அடிக்கு உடனே திறக்கவும் வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றற்கொன்று முரண்பட்டவை. துப்பாக்கியின் நம்பகம் பெரும்பாலும் இந்த முரண்பாட்டை அதன் அமைப்பு எவ்வாறு தீர்த்து வைக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஜிரார்தோனியின் துப்பாக்கி

டைரோல் பிரதேசத்தைச் சேர்ந்த பார்த்தொலொமேயோ ஜிரார்தோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியச் சேனை 1780-ஆம் ஆண்டையொட்டி ஏற்றுக்கொண்டது. தோளில் அணைக்கும் அடிப்பகுதியே இதில் காற்றுக் கலமாக அமைந்திருந்தது. குழலின் பக்கவாட்டில் இருந்த ஒரு சிறு குழாயில் ஏறத்தாழ இருபது ஈயக் குண்டுகளை ஒருங்கே இட்டு வைப்பர். குறுக்கே இருந்த கட்டையை விரலால் தள்ளினால் குண்டு ஒன்று உரிய இடத்தில் வந்து அமரும். துப்பாக்கியின் எடை ஏறத்தாழ நாலரை கிலோகிராம்.

அக்காலத்து வெடிமருந்துத் துப்பாக்கியுடன் ஒப்பிட்டால் இதன் சிறப்பு விளங்கும். வெடிமருந்துத் துப்பாக்கியை ஒவ்வொரு குண்டுக்கும் வாய் வழியாகக் கெட்டிக்க வேண்டும். அதற்கு வீரன் பெரும்பாலும் எழுந்து நிற்க வேண்டும். மழையில் மருந்து நனைந்தால் அது பயனற்றுப் போகும். சுட்டதும் எழும் புகை, சுட்டவன் இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுக்கும். காற்றுத் துப்பாக்கியில் இக்குறைகள் ஒன்றும் இல்லை. படுத்தவாறே அடுத்த குண்டைச் செலுத்தலாம், மழையும் தடையன்று, புகையும் இல்லை.

இவ்வளவு நன்மைகள் இருந்தும், 1815-ஆம் ஆண்டளவில் அது சேனையிலிருந்து மறைந்தது. துப்பாக்கியைச் சூழ்ந்திருந்த தேவைகளே இதற்குக் காரணம். கலத்தை நிரப்பக் கைப்பம்பினால் ஏறத்தாழ 1,500 முறை அடிக்க வேண்டும். அவ்வாறு நிரப்பியது ஏறத்தாழ முப்பது குண்டுகளுக்கே பயன்படும். அதன் பின் அமுக்கம் குறைந்து குண்டின் வேகமும் தளரும். கலங்களோ இரும்புத் தகட்டை வளைத்து, ஆணி அடித்து, பித்தளைப் பற்றுவைத்து மூடப்பட்டவை. இவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் மூட்டை அக்காலத் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஒரே சீராக அமைப்பது கடினம். ஆகவே கலங்களுக்கு எப்போதும் பற்றாக்குறை இருந்தது. மூட்டுகளில் வைத்த தோல் வளையங்களை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். உலர்ந்தால் தோல் சுருங்கிக் காற்று கசியும்.

பம்பு அடுப்பையோ பெட்ரோமாக்ஸ் விளக்கையோ கையாண்ட இல்லங்களில் இத்தொல்லை நன்கு அறிந்ததே. சில நாள் உபயோகிக்காமல் வைத்த அடுப்பில், பம்பின் தோல் வாஷர் காய்ந்து காற்றுப் பிடிக்காமல் போகும். அதைக் கழற்றி, இரண்டு துளி எண்ணெய் இட்டு, விரலால் விரித்துப் பொருத்துவர். வீட்டில் இது ஒரு நிமிட வேலை. ஆனால் ஆயிரக்கணக்கான வீரர்கள் ஒவ்வொருவரும் இதே கவனத்தைத் தினந்தோறும் செலுத்த வேண்டுமென்றால், அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். பழுதுகளைச் சீராக்கத் தேர்ந்த கம்மியர் பலர் உடன் வர வேண்டும். பெரும் படைக்கு இது கைகூடவில்லை.

ஒரு கம்மியரின் கைத்திறன்

இனி மற்றொரு காட்சியைக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சனின் ஏற்பாட்டில், மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் ஆகிய இருவரின் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு 1804-ஆம் ஆண்டு மே மாதம் புறப்பட்டு, மிசௌரி ஆற்றின் வழியே மேற்கே சென்று, பசிபிக் கடலைக் கண்டு, 1806-ஆம் ஆண்டு செப்டம்பரில் திரும்பியது. லூயிஸ் ஒரு காற்றுத் துப்பாக்கியை உடன் கொண்டு சென்றார். 1803-ஆம் ஆண்டு செப்டம்பரில் வீலிங் என்னும் ஊரில் அதைப் பார்த்த தாமஸ் ராட்னி என்பவர், குண்டுகள் யாவும் பக்கத்துக் குழலில் ஒருங்கே இடப்படுவதையும், ஒவ்வொன்றாக உள்ளே விழுவதையும் தம் நாட்குறிப்பில் விவரித்துள்ளார். இவ்விவரணையைக் கொண்டே அது ஜிரார்தோனி வகையைச் சேர்ந்ததென்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். நிமிடத்துக்கு 22 குண்டுகள் சுடும் என்று கூறும் ராட்னி, அதற்கு ஒரு நிபந்தனையும் சேர்த்துள்ளார்: துப்பாக்கி முற்றும் ஒழுங்கான நிலையில் இருக்கும்போதுதான் என்று. அந்த ஒழுங்கான நிலையைக் காப்பது யார் பொறுப்பு என்பதே நம் கேள்வி.

குழுவில் ஜான் ஷீல்ட்ஸ் என்ற கொல்லர் இருந்தார்; துப்பாக்கி வேலையும் அறிந்தவர். 1805-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி அவர் அக்காற்றுத் துப்பாக்கியின் முக்கிய வில்லைப் புதிதாக அமைத்துப் பொருத்தினார். இவருடைய திறமைக்குக் குழுவினர் பலமுறை கடமைப்பட்டிருப்பதாக லூயிஸ் அன்று குறித்துள்ளார். அந்நாட்களில்தான் குழுவினர் சுமையைக் குறைக்கும்பொருட்டுக் கொல்லுத் துருத்தி முதலிய கருவிகளைக் குழியில் புதைத்து வைத்துவிட்டு மேலே சென்றனர். துருத்தி வேண்டிய வேலை, துருத்தி கையில் இருந்தபோதே நிறைவேறிவிட்டது.

ஆகஸ்டு 7-ஆம் தேதி துப்பாக்கி மீண்டும் ஒழுங்கு கெட்டது. குறி பார்க்கும் பகுதிகளும் இடம்பெயர்ந்திருந்தன. இம்முறை லூயிஸ் தாமே அதைச் சரி செய்து, சுட்டுப் பார்த்து ஒழுங்குபடுத்தினார். பத்து நாட்கள் கழித்து, ஆகஸ்டு 17-ஆம் தேதி, மலைகளைக் கடப்பதற்கு வேண்டிய குதிரைகளை ஷோஷோனி இனத்தாரிடம் பெற வேண்டிய நிலையில், அவர்கள் முன்னிலையில் லூயிஸ் அத்துப்பாக்கியைச் சுட்டுக் காட்டினார். புகையும் நெருப்பும் இன்றிச் சுடும் அக்கருவி அவர்களைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தியது. அன்று வால்வு கசிந்திருந்தாலோ, வில் முறிந்திருந்தாலோ, அக்காட்சி நகைப்புக்கு இடமாகியிருக்கும்.

மற்றொரு குறிப்பும் நம் கவனத்துக்கு உரியது. 1806-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி, கடற்கரையருகே கிளாட்சப் கோட்டையில் இருந்தபோது, குழுவினரின் சாதாரணத் துப்பாக்கிகள் இரண்டு பழுதாயின. ஒன்றுக்குப் புதிய சுடும் பொறி பொருத்தப்பட்டது. மற்றொன்றில் முறிந்த திருகாணிக்குப் பதிலாக, அத்துப்பாக்கி செய்யப்பட்ட ஹார்ப்பர்ஸ் பெரி ஆயுதசாலையிலேயே முன்கூட்டித் தயாரித்து வந்த திருகாணி இடப்பட்டது. உதிரிப் பாகங்களைக் கொண்டு வந்த முன்யோசனையும் ஷீல்ட்ஸின் கைத்திறனும் இல்லாதிருந்தால், தங்கள் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை பயனற்றுப் போயிருக்கும் என்பது லூயிஸின் முடிவு.

நம்பகம் என்பது சாதனத்தினுள் மட்டும் அடங்கிய குணம் அன்று. சாதனம், அதற்குப் பொருந்தும் உதிரிப் பாகம், அதைப் பொருத்தத் தெரிந்த கை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போதுதான் அது பிறக்கிறது. ஆஸ்திரியச் சேனையில் இம்மூன்றும் ஒவ்வொரு வீரனுக்கும் கிட்டவில்லை. லூயிஸின் குழுவில் மூன்றும் ஒரே படகில் இருந்தன.

இன்றைய துப்பாக்கி

ஒலிம்பிக் விளையாட்டுகளில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் முதன்முதலாக இடம் பெற்றது. இப்போட்டியில்தான் 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் வென்றார். தனிநபர் போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. இன்று இத்தகைய போட்டித் துப்பாக்கிகளின் கலங்களில் சாதாரணமாக 200 வாயுமண்டல அமுக்கம் வரை காற்று நிரப்பப்படுகிறது. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ அரை கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர்.

ஜிரார்தோனியின் காலத்துத் தொல்லைகளுள் இரண்டு இன்று தீர்ந்துவிட்டன. ஒன்று கலம். மூட்டற்ற எஃகினாலோ அலுமினியக் கலவையினாலோ அது செய்யப்படுகிறது. மற்றொன்று அடைப்பு. தோலின் இடத்தை ரப்பர் வளையம் பிடித்துக்கொண்டது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937-ஆம் ஆண்டு விண்ணப்பித்து 1939-ஆம் ஆண்டு உரிமை பெற்ற இவ்வட்ட வளையம், பார்வைக்கு மிக எளியது. பள்ளம் ஒன்றில் அமர்ந்திருக்கும் வளையத்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். தள்ளப்பட்ட வளையம் இடுக்கில் அழுந்தி அதை மூடும். அமுக்கம் கூடக் கூட அடைப்பும் இறுகும். கசியச் செய்ய வேண்டிய விசையே கசிவைத் தடுக்கிறது என்பது இதன் நுட்பம். முற்றிலும் காலியான துப்பாக்கியில் காற்று நிரப்பத் தொடங்கும்போது முதலில் சிறிது கசிந்து, பின் தானே நின்றுவிடுவதும் இதனால்தான்.

பழுது பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய நன்மை வேறொன்று. இவ்வளையங்கள் பெரும்பாலும் நிர்ணயிக்கப்பட்ட அளவுகளில் கிடைப்பவை. உள்விட்டம், கனம், ரப்பரின் வகை, கடினம் ஆகியவற்றை அறிந்தால், தயாரித்த நிறுவனத்தையே நாடாமல் மாற்று வளையம் பெறலாம். ஆகவே துப்பாக்கி வாங்கும் பள்ளியோ சங்கமோ அதன் வேகத்தையும் அழகையும் மட்டும் கேளாமல், வளையங்களின் அளவுப் பட்டியல் உண்டா, சாதாரணக் கருவிகளால் பிரிக்கக் கூடுமா, உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பது அறிவுடைமை. பகுதிகள் கூடக் கூடப் பழுதாகும் இடங்களும் கூடும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அமுக்கம் கிடைக்கச் செய்யும் சீராக்கி, குறியின் துல்லியத்தைப் பெருக்குகிறது; ஆனால் அதனுள்ளும் வளையங்களும் தட்டுகளும் உண்டு. எளிய சுருள்வில் துப்பாக்கியோ துல்லியத்தில் பின்தங்கினாலும், வில்லையும் வாஷரையும் மாற்றினால் மீண்டும் உழைக்கத் தொடங்கும். எது சிறந்தது என்பது, பழுது பார்ப்பவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பதையும் பொறுத்தது.

வனத்துறையினர் விலங்குகளுக்கு மயக்க மருந்து செலுத்த உபயோகிக்கும் வாயுத் துப்பாக்கிகள் இவற்றினும் மிகக் குறைந்த அமுக்கத்தில் இயங்குபவை. ஆயினும் அங்கும் அமுக்கம் தொலைவுக்கு ஏற்ப அளந்து வைக்கப்படுகிறது. கசிந்தால் ஊசி விலங்கை எட்டாது. மிகுந்தால் விலங்குக்குக் காயம் உண்டாகும். அவற்றின் வளையங்களும் அமுக்கமானியும் காட்டுக்குப் புறப்படும் முன்னரே பரீட்சிக்கப்பட வேண்டியவை.

ஈரமும் எண்ணெயும்

கலத்தினுள் புகும் பகைவர் இருவர். முதலாவது ஈரம். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், கடற்கரைப் பகுதிகளில் இது சாதாரணம், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். 200 மில்லிலிட்டர் கொள்ளும் கலத்தை 200 வாயுமண்டல அமுக்கத்துக்கு நிரப்ப 40 லிட்டர் காற்று தேவை. அதனுடன் ஏறத்தாழ ஒரு கிராம் நீரும் சேர்ந்து வருகிறது. அமுக்கப்பட்ட காற்றால் அதை ஆவியாக வைத்திருக்க இயலாது. ஆகவே பெரும்பகுதி நீராகப் பிரிந்து நிற்கும். பம்பிலுள்ள நீர்பிரிப்பானும் உலர்த்தும் பொருளும் அதைத் தடுத்து நிறுத்தாவிடில், நீர் கலத்தினுள் சேர்ந்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். வெளியே பளபளப்பாக உள்ள கலம் உள்ளே அரித்திருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத இப்பழுதே எல்லாவற்றிலும் அபாயமானது. தயாரிப்பாளர் கலத்தின்மீது ஆயுட்காலத்தைக் குறிப்பது இதனாலேயே. போட்டிக் கலங்களுக்கு அது பெரும்பாலும் பத்து ஆண்டுகள். காலம் கடந்த கலத்தை உபயோகிக்காமல் இருக்கும் பொறுப்பு வீரரையே சாரும் என்று சர்வதேசப் போட்டி விதிகள் கூறுகின்றன.

இரண்டாவது பகைவன் எண்ணெய். பம்பு அடுப்பின் வாஷருக்கு எண்ணெய் நன்மை செய்தது. இங்கு அதே பழக்கம் தீமை செய்யும். காற்றை விரைந்து அமுக்கும்போது வெப்பம் உண்டாகிறது. 200 வாயுமண்டல அமுக்கத்தில் பிராணவாயுவும் செறிந்திருக்கும். அங்கே கனிம எண்ணெய் இருந்தால், டீசல் யந்திரத்தில் நடப்பதைப் போல அது தீப்பற்றக்கூடும். ஆகவே தயாரிப்பாளர் கூறிய சிலிகோன் பசையை மட்டும் மெல்லியதாகத் தடவ வேண்டும். இக்காரணத்தினாலேயே, மருத்துவ உபயோகத்துக்கான பிராணவாயு உருளையிலிருந்து துப்பாக்கியை ஒருபோதும் நிரப்பலாகாது.

பழுதைக் கண்டறியும் முறை

காற்று நிரப்பியபின் அமுக்கமானி இறங்கியதும் கசிவு என்று முடிவு செய்துவிடக் கூடாது. விரைவாக நிரப்பிய கலம் சூடாகிறது. 40 டிகிரியில் 200 காட்டிய அமுக்கம், 25 டிகிரிக்குக் குளிர்ந்ததும் 190 அளவே காட்டும். ஆறிய பின் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே வேளையில் பார்ப்பதே முறை.

கசிவு உண்மையானால், சோப்பு நீரைத் துரிகையால் மூட்டுகளில் மெல்லத் தடவி, குமிழி எழும் இடத்தைக் காணலாம். நிரப்பும் வாயில் குமிழி எழுந்தால், அங்குள்ள தடுப்பு வால்வில் தூசி இருக்கலாம். கலத்தின் கழுத்தில் எழுந்தால் வளையம் தேய்ந்திருக்கும். மூட்டுகள் யாவும் சரியாக இருந்து, குழலின் வாயில் மட்டும் காற்று வெளிவந்தால், சுடும் வால்வு தன் இருக்கையில் முழுவதும் அமரவில்லை என்பது தெளிவு. சில வேளைகளில், விசையை இழுத்தும் குண்டு தளர்ந்து விழும், அமுக்கமோ நிறைந்திருக்கும். இது பெரும்பாலும் மிகையாக நிரப்பியதன் விளைவு: வால்வை மூடிப் பிடிக்கும் அமுக்கம், சுத்தியலின் அடியை வென்றுவிடுகிறது. பாகங்களைக் கழற்றத் தொடங்கும் முன், குறித்த அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறோமா என்று பார்த்தல் வேண்டும்.

பின்வருவனவற்றைத் துப்பாக்கியைப் பேணுவோர் நினைவிற் கொள்க:

1. காற்று முழுவதும் வெளியேறியது உறுதியாகாமல் எந்தத் திருகையும் தளர்த்தலாகாது. அமுக்கமானி பூஜ்யம் காட்டினும், அது பழுதாகியிருக்கக்கூடும் என்று கொண்டு, தயாரிப்பாளர் கூறிய வழியில் காற்றை வெளியேற்றுக.

2. உபயோகிக்காத நாட்களில் கலத்தில் தயாரிப்பாளர் குறித்த சிறிதளவு காற்றை விட்டு வைக்க. அது வால்வை இருக்கையில் பொருந்தச் செய்து, தூசி புகாமல் காக்கும்.

3. வளையத்தைக் கழற்ற ஊசியோ கூரிய இரும்போ உதவாது. பள்ளத்தில் விழும் ஒரு கீறலும் புதிய வளையத்தைக் கசியச் செய்யும்.

4. கலத்தில் துளையிடுதல், பற்றவைத்தல், தேய்த்தல் ஆகாது. கலம் பழுதானால் மாற்றுவதேயன்றி, சீராக்குவது இல்லை.

5. நிரப்பிய தேதி, மாற்றிய வளையம், கண்ட பழுது ஆகியவற்றை ஒரு ஏட்டில் குறித்து வைக்க. ஒரே வளையம் அடிக்கடி கெடுமாயின், குற்றம் வேறோரிடத்தில் இருக்கிறது என்பதை அவ்வேடு காட்டும்.

ஆசிரியர்களுக்கு

பாயில் விதியைக் கற்பிக்கும்போது, மிதிவண்டிப் பம்பையும் அதன் வாஷரையும் வகுப்புக்குக் கொண்டு வரலாம். வாஷரைக் கழற்றி, அது உலர்ந்திருக்கையிலும் எண்ணெய் இட்ட பின்னும் பம்பு எவ்வாறு இயங்குகிறதென்று மாணவர் தாமே செய்து காணட்டும். பம்பின் வாயை நீரில் அமிழ்த்தி அடித்தால், ஒவ்வோர் அடியிலும் வெளிவரும் குமிழிகளைக் கொண்டு இருநிலைகளையும் ஒப்பிடலாம். ஒரு சிறு தோல் வளையத்தின் நிலை ஒரு யந்திரத்தின் பயனை எவ்வாறு நிர்ணயிக்கிறது என்பது அப்போது அவர்கள் மனத்தில் பதியும்.

விதிகளை அறிந்து சாதனங்களைப் படைப்பது விஞ்ஞானத்தின் ஒரு பகுதி. படைத்தவற்றைப் பழுதின்றிப் பேணுவதும் அதன் பகுதியே. ஒரு பள்ளியோ நிலையமோ புதிய கருவி ஒன்றைப் பெறும்போது, அதனுடன் உதிரி வளையங்கள் கொண்ட ஒரு சிறு பெட்டியையும், அவற்றைப் பொருத்தப் பழகிய ஒருவரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அவ்விரண்டும் இன்றி வாங்கிய கருவி, முதல் வளையம் தேயும் நாள்வரைதான் கருவியாக இருக்கும்.